தடிப்பு வரவில்லை என்றால் டிபி இல்லைதானே?

கேள்வி: என் கணவருக்கு 56 வயது. நெடுநாள் சர்க்கரை நோயால் சிறுநீரகம் பழுதாகி, வாரம் மூன்று முறை டயாலிசிஸ். மாற்று சிறுநீரகத்துக்கான பரிசோதனைகளில் மான்டூ டெஸ்ட்டும் எடுத்தார்கள். ஊசி போட்ட இடத்தில் ஒன்றுமே வரவில்லை. டிபி இல்லை என்று சந்தோஷப்பட்டோம். டாக்டரோ எக்ஸ்-ரே, ரத்தப் பரிசோதனை என்று மறுபடி எழுதிக் கொடுக்கிறார். இதெல்லாம் தேவைதானா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: தேவைதான் அம்மா. உங்கள் டாக்டர் செய்வது சரி.

மான்டூவில் டிபி கிருமியிலிருந்து எடுத்த புரதமான டியூபர்குலினை 0.1 மில்லி அளவு தோலுக்குள் செலுத்துகிறோம். டிபி கிருமியை ஏற்கெனவே சந்தித்த டி செல்கள் (எதிர்ப்பு சக்தி தரும் ஒரு வகை வெள்ளை அணுக்கள்) உடம்பில் இருந்தால், அவை அங்கே வந்து கூடி, 48 முதல் 72 மணி நேரத்துக்குள் அந்த இடம் தடிக்கும். ஆனால் சிறுநீரகம் வெளியேற்றாத கழிவுகள் ரத்தத்தில் தேங்கும்போது இந்த டி செல்கள் மந்தமாகிவிடுகின்றன. சர்க்கரையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். வாசலில் மணி அடித்தும் யாரும் வரவில்லை என்றால் வீடு காலியாகவும் இருக்கலாம், உள்ளே இருப்பவர் அசந்து தூங்கவும் செய்யலாம், இல்லையா? கையைப் பார்த்து மட்டும் எது என்று சொல்ல முடியாது.

முன்பெல்லாம் இதைக் கண்டுபிடிக்க கேண்டிடா, டெட்டனஸ் போன்ற, எல்லோருக்கும் பழக்கமான பொருள்களையும் தோலில் போட்டுப் பார்ப்பார்கள். எதற்குமே தடிக்கவில்லை என்றால் செல்களே அசையவில்லை என்று அர்த்தம். இப்போது எழுதித் தந்திருப்பது அநேகமாக, டிபி கிருமியை இந்த செல்கள் அடையாளம் காண்கின்றனவா என்று ரத்தத்தில் பார்க்கும் ஐஜிஆர்ஏ பரிசோதனையாக இருக்கும். அதில் செல்களை வலுவாகத் தூண்டிப் பார்க்கும் ஒரு சோதனைக் குழாய் தனியாக உண்டு. அதிலும் அவை அசையாவிட்டால் ‘டிபி இல்லை’ என்று எழுத மாட்டார்கள். ‘முடிவு தெரியவில்லை’ என்றுதான் ரிப்போர்ட் வரும். எனக்கு இந்த நேர்மை பிடிக்கும்.

மாற்று சிறுநீரகம் வைத்த பிறகு எதிர்ப்பு சக்தியை மருந்து கொடுத்தே அடக்குவோம். உள்ளே பதுங்கியிருக்கும் டிபி அப்போது கிளம்பினால் பெரிய தலைவலி. அதனால்தான் இவ்வளவு விசாரணை.

அப்புறம், தடிப்பை யார் பார்த்தார்கள், எப்போது பார்த்தார்கள்? சிவப்பு கணக்கில்லை. பால்பாயின்ட் பேனாவைத் தோலில் மெல்ல நகர்த்தினால் தடிப்பின் ஓரத்தில் முட்டி நிற்கும். இரண்டு பக்கமும் அப்படிக் குறித்து, கையின் குறுக்கே மில்லிமீட்டரில் அளக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் போட்டோவை வைத்து நான் எதுவும் சொல்வதில்லை. மறுபடி ஊசி போடச் சொன்னால், ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்த இடம்) இல்லாத கையை நீட்டச் சொல்லுங்கள்.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைப் பற்றியும் கேட்டுவிடுங்கள். இதே மந்தத்தால் அதுவும் இவர்களுக்குச் சரியாகப் பிடிப்பதில்லை. அதனால்தான் டயாலிசிஸ் நோயாளிகளுக்கு இரண்டு மடங்காக 40 மைக்ரோகிராம் போடுகிறோம். கடைசித் தவணை முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் ரத்தத்தில் ஆன்டி-எச்பிஎஸ் (தடுப்பூசியால் உருவாகும் எதிர்ப்புப் பொருள்) அளவு லிட்டருக்கு 10 மில்லி யூனிட்டைத் தொட்டிருக்க வேண்டும். தொடவில்லை என்றால் இன்னொரு சுற்று போடச் சொல்வார்கள்.