பெர்சியன் பூனைக்குட்டி வாங்குமுன் பிரீடரிடம் (பூனை வளர்த்துக் குட்டி விற்பவரிடம்) எப்போது, எப்படிப் பேசுவது? கேள்விகளும் பதில்களும்

தீபாவளிக்குள்ள ஒரு பெர்சியன் குட்டி வேணும்னு பிள்ளைங்க கேக்குறாங்க. இப்போ ஆகஸ்ட். பிரீடர்கிட்ட எப்போ பேசலாம் அண்ணா?

இன்றே பேசுங்கள், ஆனால் தேதி சொல்லிக் கேட்காதீர்கள். பூனை சினையாக இருப்பது 63 முதல் 67 நாள். பிறந்த குட்டி தாயோடு குறைந்தது 12 வாரம் இருக்க வேண்டும். ஆக, இணை சேர்ந்த நாளிலிருந்து உங்கள் கைக்கு வர ஐந்து மாதம் ஆகும். பெர்சியன் ஒரு தடவைக்குப் பெரும்பாலும் மூன்று நான்கு குட்டிதான் போடும். பொறுப்பான பிரீடர் தாய்க்கு ஓய்வு கொடுத்துத்தான் அடுத்த இணை விடுவார். அதனால் ஆறு மாதம், ஒரு வருஷம் என்று காத்திருப்பது சாதாரணம். எந்த மாதம் கேட்டாலும் எல்லா நிறமும் ரெடியாக வைத்திருப்பவர், பல இடத்தில் வாங்கி விற்பவராக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

தீபாவளி வாரத்தில் எந்தக் குட்டியையும் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். புது இடத்து பயமும் வெடிச்சத்தமும் சேர்ந்தால் கட்டிலுக்கடியில் போய்ச் சாப்பிடாமல் கிடக்கும். சின்னக் குட்டி ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தாலே ஆபத்து. பண்டிகை முடிந்து பத்து நாள் கழித்து வைத்துக்கொள்ளுங்கள்.

"ப்ரைஸ் என்ன?"ன்னு மூணு பேருக்கு மெசேஜ் போட்டேன். யாருமே பதில் போடல. என்னதான் எழுதணும்?

விலை கேட்பதில் தப்பில்லை. அதுவே முதல் சொல்லாக இருப்பதுதான் இடிக்கிறது. குட்டி போகிற வீடு எப்படிப்பட்டது என்பதுதான் நல்ல பிரீடருக்கு முதல் கவலை. இப்படி எழுதிப் பாருங்கள்:

"வணக்கம். நாங்கள் வேளச்சேரியில் மூன்றாவது மாடி ஃபிளாட்டில் இருக்கிறோம், நான்கு பேர். பால்கனிக்கு வலை போட்டிருக்கிறோம். அம்மா பகலில் வீட்டில் இருப்பார். வேறு பூனை, நாய் இல்லை. வளர்ப்புக்குத்தான் குட்டி வேண்டும், இனப்பெருக்கத்துக்கு இல்லை. தினமும் சீவிவிட வேண்டும் என்பது தெரியும். ஆறேழு மாதம் காத்திருக்க முடியும். அடுத்து எப்போது குட்டிகள் எதிர்பார்க்கிறீர்கள்? தாய், தகப்பன் இரண்டுக்கும் பி.கே.டி. டி.என்.ஏ. ரிசல்ட் பார்க்க முடியுமா?"

அந்தக் கடைசி வரியைப் பார்த்ததும் விஷயம் தெரிந்த பிரீடர் உங்களை மதித்துப் பேசுவார். விலையை அந்தப் பேச்சின் முடிவில் கேளுங்கள்.

பி.கே.டி. டெஸ்ட்னா என்ன? விக்கிறவர் "பிளட் டெஸ்ட் நார்மல்"னு ரிப்போர்ட் காட்டுறார். போதாதா சார்?

போதாது. பெர்சியன் வாங்குகிறவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்க முடியும் என்றால் இதைத்தான் கேட்க வேண்டும்.

பி.கே.டி. என்பது சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வரும் பரம்பரை நோய். கட்டிகள் பிறக்கும்போதே சிறிதாக இருந்து வருஷக்கணக்கில் மெல்லப் பெரிதாகும். பெரும்பாலும் நடுவயதில்தான் சிறுநீரகம் செயலிழக்கும். அதற்குள் அந்தப் பூனை பல தடவை குட்டி போட்டு முடித்திருக்கும், நோய் இனத்துக்குள் பரவுவது அப்படித்தான். தாய், தகப்பன் யாராவது ஒருவருக்கு இருந்தாலே குட்டிகளில் சுமார் பாதிக்கு வரும்.

காரணமான மரபணுக் கோளாறு 2004-இல் கண்டறியப்பட்டது. அதைப் பார்ப்பதுதான் இந்த டி.என்.ஏ. டெஸ்ட். பூனையின் கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக்குச்சியால் தேய்த்து எடுத்து லேபுக்கு அனுப்பினால் போதும், ஆயுளுக்கு ஒரு தடவை செய்தால் முடிந்தது. பெற்றோர் இரண்டும் நெகட்டிவ் என்றால் குட்டிக்குத் தனியாகத் தேவையில்லை.

இதில் மூன்று விதமாக ஏமாறுகிறார்கள். ஒன்று, கிரியாட்டினின் நார்மல் என்ற ரத்த ரிப்போர்ட். சிறுநீரகத்தின் முக்கால் பங்கு வேலை கெட்ட பிறகுதான் அந்த எண் ஏறும், இளம் பூனைக்கு அது எதையும் சொல்லாது. இரண்டாவது, மூன்று மாதக் குட்டிக்கு ஸ்கேன் எடுத்து "கட்டி இல்லை" என்பது. பத்து மாதத்துக்குப் பிறகு எடுத்த ஸ்கேனைத்தான் நம்பலாம். மூன்றாவது, வேறு பூனையின் ரிப்போர்ட். அதில் உள்ள மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு) எண்ணும் தாயின் உடம்பில் ஸ்கேனர் காட்டும் 15 இலக்க எண்ணும் ஒன்றா என்று பாருங்கள்.

மெய்ன் கூனுக்கும் இதே டெஸ்ட்தானா? ஸ்காட்டிஷ் ஃபோல்டுக்கு?

மெய்ன் கூனுக்கு இதயத்தசை தடிக்கும் எச்.சி.எம். முக்கியம். அதற்கு மரபணு டெஸ்ட் உண்டு, ஆனால் நெகட்டிவ் வந்தாலும் நோய் வரலாம். அதனால் பெற்றோருக்கு எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்த தேதியையும் கேளுங்கள். இரண்டு வருஷத்துக்கு முந்தையது என்றால் புதிதாக எடுக்கச் சொல்லலாம்.

ஸ்காட்டிஷ் ஃபோல்ட் வாங்காதீர்கள். காது மடிய வைக்கும் அதே கோளாறுதான் எலும்பு மூட்டுகளையும் கெடுக்கிறது. மடிந்த காது இருக்கிற ஒவ்வொரு பூனைக்கும் கூடவோ குறையவோ அந்த வலி உண்டு. எந்த பிரீடராலும் இதைத் தவிர்க்க முடியாது.

பேப்பர் இருக்குன்னு ஒரு சர்டிஃபிகேட் போட்டோ அனுப்பினாங்க. எப்படிச் சரிபார்க்குறது?

சி.எஃப்.ஏ. (1906), பிரிட்டனின் ஜி.சி.சி.எஃப். (1910), டிகா (1979) போன்றவை பூனைகளின் வம்சத்தைப் பதியும் பழைய அமைப்புகள். சான்றிதழில் பூனையின் பதிவு எண், பிரீடரின் கேட்டரி (பூனைப் பண்ணை) பெயர், பிறந்த தேதி, பெற்றோரின் பதிவு எண்கள் இருக்க வேண்டும். அந்த எண்ணைக் கொடுத்து அமைப்புக்கே மின்னஞ்சலில் கேளுங்கள். நேர்மையான பிரீடர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

பேப்பர் வம்சத்தைச் சொல்லும், ஆரோக்கியத்தைச் சொல்லாது. பதிவு பெற்ற பூனைக்கும் பி.கே.டி. இருக்கலாம். நம் நாட்டில் 2017-இன் இனப்பெருக்க விதிகள் நாய்களுக்கு மட்டும்தான். 2018-இன் விதிகள் செல்லப்பிராணிக் கடைகளுக்கானவை. ஆகவே வீட்டில் பூனை வளர்த்து விற்பவரைச் சோதித்துப் பார்க்கும் வேலை உங்களுடையதுதான்.

நேர்ல போறோம். எதைப் பாக்கணும்?

முதலில் தாயைக் கேளுங்கள். தகப்பன் வேறு ஊரில் இருக்கலாம், தாய் குட்டிகளோடுதான் இருக்க வேண்டும். "அம்மா பூனை வெளியே போயிருக்கு" என்றால் காபி குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள். வாசலிலேயே மூத்திர நெடி கண்ணை எரித்தால் அங்கே பூனை அதிகம், பராமரிப்பு குறைவு.

பிறகு குட்டியைக் கையில் எடுங்கள். காதுக்குள் காபித்தூள் மாதிரி கருப்பாக இருந்தால் காதுப்பூச்சி. வாலுக்கடியில் முடி ஒட்டியிருந்தால் வயிற்றுப்போக்கு. உடம்பு மெலிந்து வயிறு மட்டும் உப்பியிருந்தால் குடற்புழு. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுச் சத்தம் கேட்டாலோ வாயால் மூச்சு விட்டாலோ மூக்குத்துவாரம் ஒடுங்கியிருக்கிறது. சென்னை வெயிலில் அது மிகவும் கஷ்டப்படும்.

படர்தாமரையைத்தான் பலர் தவறவிடுகிறார்கள், அடர்ந்த முடி அதை மறைத்துவிடும். காதின் ஓரம், மூக்கைச் சுற்றி, முன்னங்கால் விரல்கள், வால் இந்த இடங்களில் முடியை விரலால் எதிர்ப்பக்கமாக விலக்கிப் பாருங்கள். வட்டமாக முடி கொட்டி, சாம்பல் தூவியது போல் பொருக்கு இருந்தால் எடுக்காதீர்கள். அது பிள்ளைகளுக்கும் தொற்றும், வீட்டை விட்டுப் போக மாதங்கள் ஆகும்.

வயதையும் நீங்களே பார்க்கலாம். பூனைக்குட்டியின் நீலக்கண் ஆறேழு வாரத்தில்தான் நிறம் மாறத் தொடங்கும். முகமும் காதும் கருத்த ஹிமாலயன் வகைக்கும் சில வெள்ளைப் பூனைகளுக்கும் மட்டும் நீலமாகவே இருக்கும். மற்ற நிறக் குட்டிக்குக் கண் முழு நீலமாக இருந்து "மூணு மாசம்" என்றால் நம்பாதீர்கள். 12 வாரக் குட்டி ஒரு கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும். 600 கிராம் என்றால் வயது பொய், இல்லையென்றால் உடம்பு சரியில்லை.

ஒரே நாளில் இரண்டு பிரீடர் வீட்டுக்குப் போகாதீர்கள். பூனைகளைக் கொல்லும் பேன்லூக்கோபீனியா வைரஸ் செருப்பிலும் துணியிலும் போகும். நல்ல பிரீடர் இதை முதலிலேயே கேட்பார், கை கழுவவும் சொல்வார்.

பன்ச் ஃபேஸ், டால் ஃபேஸ், ட்ரிபிள் கோட்னு விலை மாறுதே?

ட்ரிபிள் கோட் என்பது விற்பவர் வைத்த பெயர், பெர்சியனுக்குப் பஞ்சு போன்ற உள்முடியும் நீண்ட வெளிமுடியும்தான். பன்ச் ஃபேஸ் என்பது தட்டை முகம், டால் ஃபேஸ் என்பது மூக்கு எடுப்பான முகம். முகம் தட்டையாக ஆக ஆக விலை ஏறும், கண்ணில் நீர் வடிவதும் மூச்சுத் திணறலும் கூடவே ஏறும். மூக்கின் மேல்விளிம்பு கீழ் இமைக்கு மேலே போனால் ஜி.சி.சி.எஃப். போட்டியிலேயே அது குறை. வளர்ப்புக்கு மூக்கு கொஞ்சம் எடுப்பாக இருக்கிற குட்டியே மேல்.

பெங்களூர்ல இருந்து பஸ்ல அனுப்பறேன், பாதி அட்வான்ஸ் போடுங்கறார். போடலாமா?

வேண்டாம். குட்டியைப் பார்க்காமல் பணம் போடாதீர்கள். பணம் போட்டதும் "கூண்டுக்கு, இன்ஷூரன்ஸுக்கு" என்று அடுத்தடுத்துக் கேட்பது தெரிந்த மோசடி. உண்மையான குட்டியே என்றாலும் ராத்திரி முழுக்க பஸ்ஸின் லக்கேஜ் அறையில் காற்றும் தண்ணீரும் இல்லாமல் வரும். முதலில் வீடியோ காலில் தாயையும் குட்டியையும் ஒரே ஃபிரேமில் காட்டச் சொல்லுங்கள், பிறகு நேரில் போய் மடியில் வைத்துக் கொண்டுவாருங்கள். முன்பணம் கொடுத்தால், குட்டி இறந்தாலோ டெஸ்டில் தோற்றாலோ திருப்பித் தருவார் என்று எழுதி வாங்குங்கள்.

கருத்தடை பண்ணணும், வளர்க்க முடியலன்னா எனக்கே திருப்பித் தரணும்னு ஒப்பந்தம் போடச் சொல்றார். சந்தேகமா இருக்கு.

சந்தேகப்படாதீர்கள், சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுங்கள். குட்டியின் ஆயுள் முழுக்கப் பொறுப்பேற்பவர்தான் அப்படிக் கேட்பார். பரம்பரை நோய் வந்தால் அவர் என்ன செய்வார் என்ற வரியும் அதில் இருக்கட்டும்.

எட்டு வாரத்துலயே எடுத்துக்கோங்கறார். சீக்கிரம் வந்தா நம்மகிட்ட பழகிக்கும்ல?

பழக்கம் இரண்டு முதல் ஏழு வாரத்துக்குள் பிரீடர் வீட்டிலேயே வர வேண்டியது. எட்டிலிருந்து பன்னிரண்டு வரை குட்டி கடிக்கும் அளவையும் மண்தட்டில் போகும் பழக்கத்தையும் தாயிடமும் கூடப் பிறந்தவற்றிடமும் கற்றுக்கொள்கிறது. தாய்ப்பாலின் எதிர்ப்புச் சக்தி குறைந்து, தடுப்பூசி இன்னும் முழுதாக வேலை செய்யாத இடைவெளியும் அதுதான். ஜி.சி.சி.எஃப். 13 வாரம் என்கிறது. மூன்று நோய்களுக்கான ஊசி எட்டாவது வாரமும் பன்னிரண்டாவது வாரமும் போட்டிருக்க வேண்டும். புத்தகத்தில் மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய ஸ்டிக்கரும், பேட்ச் எண்ணும், டாக்டரின் முத்திரையும் இருக்கும். பேனாவில் தேதி மட்டும் எழுதியிருந்தால் அந்த டாக்டருக்கு போன் போட்டுக் கேளுங்கள். நான்கு வாரத்துக்கான சாப்பாட்டுச் செலவைக் கூடக் கொடுத்தாவது 12 வாரம் வரை அங்கேயே விட்டுவையுங்கள். அதற்கும் ஒத்துக்கொள்ளாமல் அவசரப்படுத்தினால் வேறு இடம் பாருங்கள்.