புரோட்டீனோசோம் கேள்வி பதில்: முதலில் உங்கள் பஃபரைச் சொல்லுங்கள்

கேள்வி: புரோட்டீனோசோமும் லைபோசோமும் ஒன்றுதானே?

பதில்: இல்லை. இரண்டும் நுண்குமிழிகள்தான், ஆனால் லைபோசோமின் சுவர் கொழுப்பு. புரோட்டீனோசோமின் சுவரே புரதம். 2013-ல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் மான் குழு செய்தது இது. மாட்டுச் சீரம் ஆல்புமின் என்ற இரத்தப் புரதத்தின் கார்பாக்சில் தொகுதிகளை அமீன்களாக (நைட்ரஜன் கொண்ட தொகுதிகளாக) மாற்றி, அதில் பினிபாம் (PNIPAAm) என்ற செயற்கைப் பாலிமர்ச் சங்கிலிகளை ஒட்டினார்கள். புரதம் நீர்ப் பக்கம் இழுக்கும், பாலிமர் எண்ணெய்ப் பக்கமும் சாயும். இந்த இரண்டுங்கெட்டான் துகள், எண்ணெய்க்குள் மிதக்கும் நீர்த்துளியின் விளிம்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் துகள்களை ஒன்றோடொன்று பிணைத்து, எண்ணெயை எடுத்துவிட்டால், சில பத்து மைக்ரான் அகலக் குமிழிகள் நீரில் நிற்கும். சுவரின் தடிமன் சுமார் 10 நானோமீட்டர்தான்.

கேள்வி: பிக்கரிங் பால்மம், அதாவது இப்படித் துகள்கள் துளிகளின் விளிம்பில் உட்கார்ந்த எண்ணெய்-நீர்க் கலவை, தானாகவே நிலைத்து நிற்கும் என்று படித்தேன். பிறகு துகள்களுக்கிடையே குறுக்குப்பிணைப்பு எதற்கு?

பதில்: நல்ல கேள்வி. விளிம்பிலிருந்து துகளைப் பெயர்க்கத் தேவையான ஆற்றல், அதன் ஆரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆரம் பத்தில் ஒன்றானால் பிடிப்பு நூறில் ஒன்று. நம் துகளோ சில நானோமீட்டர். மைக்ரான் அளவுத் துகளைப் போல அது அசையாமல் கிடக்காது. அதைவிட முக்கியம், எண்ணெயை எடுத்ததும் விளிம்பே போய்விடுகிறது. பிறகு எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?

கேள்வி: எண்ணெயை நீக்கியதும் எல்லாம் கரைந்துவிடுகிறது.

பதில்: எந்தப் பஃபரில், அதாவது அமிலத்தன்மை மாறாமல் காக்கும் கரைசலில், செய்தீர்கள்? டிரிஸ் பஃபரா? அதில் முதன்மை அமீன் இருக்கிறது. துகள்களைப் பிணைக்கும் உங்கள் என்ஹெச்எஸ் எஸ்டர் பிணைப்பான் அமீன்களைத்தான் பிடிக்கும்; புரதத்தை விட்டுவிட்டு டிரிஸோடு வினைபுரிந்து தீர்ந்துவிடும். பாஸ்பேட்டுக்கு மாறுங்கள். பிணைப்பானை முந்தின நாளே நீரில் கரைத்து வைக்காதீர்கள், நீரே அதைச் சிதைத்துவிடும். எண்ணெயையும் ஒரேயடியாக எடுக்க வேண்டாம். 70 சதவீத எத்தனால், பிறகு 50, பிறகு நீர் என்று டயாலிசிஸில் (சவ்வு வழியே வெளித் திரவத்தை மெல்ல மாற்றும் முறையில்) படிப்படியாக இறங்குங்கள்.

கேள்வி: இதில் மருந்தை அடைத்து ஊசியாகப் போடலாமா?

பதில்: இரத்த நுண்குழாய்கள் 5 முதல் 10 மைக்ரான். கணக்கு நீங்களே போடுங்கள்.

கேள்வி: எனக்கும் கரைந்துவிடுகிறது.

பதில்: மேலே இருக்கிறது.

கேள்வி: உள்ளே மரபணுவை வைத்தால் ஒளிரும் புரதம் உருவாகிறது. அப்படியானால் இது உயிருள்ள செல்தானே?

பதில்: புரதம் கட்டும் ரைபோசோம், அமினோ அமிலம், எரிபொருள் என எல்லாவற்றையும் நாமே உள்ளே வைத்து மூடுகிறோம். தீர்ந்தால் நின்றுவிடும். கட்டுச்சோறு அது, அடுப்பு இல்லை.

கேள்வி: (அவரே) வைரஸுக்கும் அடுப்பு இல்லையே?

பதில்: இல்லைதான். ஆனால் தன் உறையைச் செய்யும் குறிப்பு வைரஸின் மரபணுவில் இருக்கிறது. இங்கே ஆல்புமினுக்கு வேண்டுமானால் மரபணு வைக்கலாம், பினிபாமுக்கு எந்த மரபணுவை வைப்பீர்கள்? தன் சுவரைத் தானே கட்டத் தெரியாத குமிழியை நான் செல் என்று சொல்ல மாட்டேன்.

கேள்வி: (இன்னொருவர்) ஆதி செல்லின் மாதிரி என்றாவது சொல்லலாமா?

பதில்: எதற்கு மாதிரி என்று சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். சுவருக்குள் நொதிகளை அடைத்தால் வினை எப்படி மாறுகிறது என்று பார்க்க அருமையான மாதிரி. சுவரில் ஓட்டைகள் உண்டு. சின்ன மூலக்கூறு உள்ளே போகும், பெரிய நொதி வெளியே வராது. பினிபாம் 32 டிகிரி செல்சியஸுக்கு மேல் நீரை விட்டுச் சுருண்டுகொள்ளும், ஓட்டைகள் அடைபடும், நொதியின் வேகம் குறையும். கதவு வைத்த குமிழி! எனக்கு இதிலேயே வியப்பு போதும். ஆதிக்கடலில் பினிபாம் இருந்ததா என்று மட்டும் கேட்காதீர்கள்.

கேள்வி: எண்ணெயை நீக்கியதும் குமிழிகள் கரைகின்றன. ஏன்?

பதில்: டிரிஸ். பந்தயம் கட்டுகிறேன்.

கேள்வி: (அவரே) இல்லை, கிளைசின் பஃபர்.

பதில்: அதுவும் அமீன்தான் ஐயா.