அப்டேட்டுக்குப் பின் ரெக்கவரி கீ கேட்கும் லேப்டாப்

கேள்வி: விண்டோஸ் அப்டேட் முடிந்து லேப்டாப் ரீஸ்டார்ட் ஆனதும், வழக்கமான லாகின் திரைக்குப் பதிலாக நீலத் திரை ஒன்று வந்து பிட்லாக்கர் ரெக்கவரி கீயைக் கேட்கிறது. என் பாஸ்வேர்டை ஏற்க மறுக்கிறது. பிட்லாக்கரை நான் ஒருபோதும் இயக்கியதில்லை. ஃபார்மேட் செய்வதைத் தவிர வேறு வழியில்லை என்கிறார் பழுது பார்ப்பவர். என் ஆய்வேடு முழுவதும் அதில்தான் இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: தயவுசெய்து ஃபார்மேட் செய்ய ஒப்புக்கொள்ளாதீர்கள். வட்டிலுள்ளதைக் குறியாக்கம் செய்து பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியே பிட்லாக்கர். இத்திரை வருவதனாலேயே வட்டு பழுதாகிவிட்டது என்று பொருளில்லை. பெரும்பாலும் ஆய்வேடு அப்படியே இருக்கும், அதைத் திறக்கும் சாவி மட்டுமே வெளிவரவில்லை.

அந்தச் சாவியை டிபிஎம் என்னும் பாதுகாப்பு சிப் காக்கிறது. லேப்டாப் ஒவ்வொரு முறை இயங்கத் தொடங்கும்போதும் செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் அமைப்பு) நிலை போன்ற தொடக்க விவரங்கள் அளவிடப்படுகின்றன. முன்பு பதிந்த அளவுகளோடு அவை ஒத்துப்போனால்தான் சிப் சாவியைக் கொடுக்கும். அப்டேட்டோடு பயாஸ் (லேப்டாப்பைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) மாறினால் அளவுகளும் மாறக்கூடும். அந்த மாற்றத்தைச் செய்தது அப்டேட்டா, திருடனா என்று சிப்புக்குத் தெரியாது என்பதால் அது மறுத்துவிடுகிறது. அப்போது வட்டைத் திறக்க உதவும் மாற்றுச் சாவியே ரெக்கவரி கீ. விண்டோஸ் பாஸ்வேர்டு வட்டு திறந்த பிறகே தேவைப்படுவது. அதை இங்கே எத்தனை முறை கொடுத்தாலும் பயனில்லை. 2024 ஜூலையில் வந்த விண்டோஸ் அப்டேட்டுக்குப் பின் சிலருக்கு இதே திரை வந்தது. மைக்ரோசாஃப்ட் ஆகஸ்ட் அப்டேட்டில் அதைச் சரிசெய்தது.

நீங்கள் இயக்காமலே பிட்லாக்கர் வந்ததற்கும் காரணம் உண்டு. பல லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொண்டு முதன்முறை உள்நுழையும்போதே குறியாக்கம் தானாக இயங்கி, ரெக்கவரி கீ அந்தக் கணக்கில் சேமிக்கப்பட்டுவிடும். ஆகவே வேறொரு கருவியில் அக்கணக்கைத் திறந்து, ரெக்கவரி கீ பக்கத்தைப் பாருங்கள். பல சாவிகள் இருந்தால், நீலத் திரையில் தெரியும் கீ ஐடியின் முதல் 8 எழுத்துகளோடு ஒத்துப்போவதே உங்களுடையது. லேப்டாப்பை முதலில் அமைத்துத் தந்தவர் வேறொருவராக இருந்தால் அவர் கணக்கில் தேடச் சொல்லுங்கள். அலுவலகமோ கல்லூரியோ தந்த லேப்டாப் என்றால் அங்குள்ள நிர்வாகியிடம் கேளுங்கள்.

ரெக்கவரி கீயில் 48 இலக்கங்கள், ஆறு ஆறாக 8 தொகுதிகள். ஒவ்வொரு தொகுதியும் 11ஆல் மீதியின்றி வகுபடும். எழுதி வைத்த தாளில் ஓர் இலக்கம் 1 என்றும் 7 என்றும் தோன்றினால், கால்குலேட்டரில் வகுத்துப் பாருங்கள்: 135795 வகுபடும், 735795 வகுபடாது.

சாவி கிடைக்கும்வரை பயாஸில் டிபிஎம்மை அழிக்கும் கட்டளையைத் தொடவே கூடாது. செக்யூர் பூட் மட்டும் மாறியிருந்தால், அதைப் பழைய நிலைக்குத் திருப்புவதே சில நேரங்களில் போதும். எங்குமே சாவி இல்லையென்றால் வட்டைத் திறக்க வேறு யாராலும் இயலாது. பணம் வாங்கிக்கொண்டு திறந்து தருவதாகச் சொல்பவர்களை நம்பாதீர்கள்.

உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாக ஆய்வேட்டை வேறு வட்டில் நகலெடுங்கள். ஒவ்வொரு முறையும் சாவி கேட்டால், பிட்லாக்கர் அமைப்பில் பாதுகாப்பைத் தற்காலிகமாக நிறுத்தி மீண்டும் இயக்குங்கள்; புதிய அளவுகள் சிப்பில் பதிந்துவிடும். இனி பயாஸ் அப்டேட்டுக்கு முன்பும் அவ்வாறே நிறுத்திவைப்பது நல்லது.

கேள்வி: லினக்ஸ் லேப்டாப்பில் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அப்டேட்டுக்குப் பின், சரியான பாஸ்ஃபிரேஸைக் கொடுத்தும் வட்டு திறக்கவில்லையே?

பதில்: தொடக்கத்தில் வரும் கிரப் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அதில் திறந்தால் பாஸ்ஃபிரேஸில் பிழையில்லை. உள்ளே சென்று தொடக்கத்தில் வட்டைத் திறக்க உதவும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பைப் புதிய கெர்னலுக்கு மீண்டும் உருவாக்குங்கள். பழையதிலும் திறக்காவிட்டால் கீபோர்டு அமைப்பைச் சந்தேகியுங்கள்: அந்தக் கட்டத்தில் அது அமெரிக்க முறைக்கு மாறியிருந்தால், பாஸ்ஃபிரேஸிலுள்ள சிறப்புக் குறிகள் வேறாகப் பதிவாகும்.