மரவள்ளிக் குச்சியிலிருந்து தேமல் நோயை அடியோடு நீக்க முடியுமா? ஆய்வகத்தில் வளர்த்த திசு வளர்ப்புக் கன்று வாங்கி நட்டால் தீர்ந்துவிடுமா?

நீக்க முடியும். தீர்ந்துவிடாது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் விஞ்ஞானி இல்லை. தாவரவியலில் இளங்கலை முடித்து, ஒரு தனியார் திசு வளர்ப்பு ஆய்வகத்தில் நான்கு ஆண்டுகள் கத்தி பிடித்தவள். பிறந்த வீடு ராசிபுரம் பக்கம். மூன்று தலைமுறையாகக் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, போடுகிறோம். ஆய்வகம், காடு இரண்டிலும் தோற்றுப் பார்த்தவள் என்ற தகுதியில் எழுதுகிறேன்.

இரண்டு முறை மருந்து அடித்தும் இலைச் சுருக்கம் போகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். போகாது. அந்த மருந்து நோயைப் பரப்பும் வெள்ளை ஈயைத்தான் கொல்லும். செடிக்குள் புகுந்துவிட்ட வைரஸுக்கு மருந்து கிடையாது. நீங்கள் நடுவது விதை இல்லை, சென்ற ஆண்டுச் செடியின் உடம்பு. அதற்கு இருந்த நோய் எல்லாம் இதற்கும் இருக்கும். அதற்கு முன் ஒன்றைச் சரிபாருங்கள். கொழுந்து இலை திட்டுத் திட்டாக இல்லாமல் ஒரே சீராக வெளுத்திருந்தால் அது தேமலாக இல்லாமல் இரும்புச்சத்துக் குறையாகவும் இருக்கலாம். நம் சுண்ணாம்பு மண்ணில் அது சகஜம், அதற்குத் தெளிப்பு உண்டு. பச்சையும் மஞ்சளும் கலந்து இலை கோணிக்கொண்டிருந்தால்தான் தேமல்.

ஆய்வகத்தில் என்ன செய்வோம் என்றால், நோயுள்ள குச்சியை முளைக்கவிட்டு, ஏறக்குறைய 37 டிகிரி வெப்பத்தில் சில வாரங்கள் வைப்போம். அந்தச் சூட்டில் வைரஸ் பெருகுவது மட்டுப்படும், கொழுந்து மட்டும் வளர்ந்துகொண்டிருக்கும். பிறகு நுண்ணோக்கியின் கீழ் இளம் இலைகளை ஒவ்வொன்றாக உரித்து, நுனியில் இருக்கும் வளர்முனையை வெட்டி எடுக்க வேண்டும். அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. கடுகில் கால்பங்குகூட இருக்காது. அந்த முனைக்கு இன்னும் சாறு கடத்தும் குழாய் போட்டிருக்காது, அதனால் வைரஸ் அங்கே அநேகமாக எட்டியிருக்காது. கொஞ்சம் பெரிதாக வெட்டினால் வைரஸும் கூடவே வரும், கொஞ்சம் சிறிதாக வெட்டினால் முனை பிழைக்காது. 1952ஆம் ஆண்டு பிரான்சில் மோரெல், மார்ட்டின் என்ற இருவர் டாலியா பூச்செடியில் செய்து காட்டிய வழி இது. பிறகு உருளைக்கிழங்குக்கு வந்தது, அப்புறம் மரவள்ளிக்கு. வளர்ந்த கன்று எல்லாமே சுத்தம் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொன்றிலும் இலை கிள்ளி, வைரஸ் இருக்கிறதா என்று காட்டும் பிசிஆர் பரிசோதனை செய்து, தேறாததைக் கொளுத்த வேண்டும்.

இந்த வேலையைச் செய்த எங்கள் பதினோரு பேருக்கும் சம்பளப் பட்டியலில் பெயர் "உதவியாளர்". இதைச் சொல்லாமல் என்னால் நகர முடியவில்லை, மன்னிக்கவும். ஒரு நாளைக்கு ஏழு மணி நேரம் கால் மரத்துப்போக உட்கார்ந்து வெட்டுவோம். பார்வையாளர் வந்தால் முதலாளி காற்று வடிகட்டும் இயந்திரத்தின் விலையைச் சொல்வார். எங்கள் கையை யாரும் பார்க்க மாட்டார்கள். நான் வேலையை விட்ட அன்று, என் இடத்துக்கு வந்த பெண்ணுக்கு இரண்டே நாள் பயிற்சி கொடுத்தார்கள். சரி, விடுங்கள்.

வேலையில் இருந்தபோது, பரிசோதனையில் தேறிய இருநூறு கன்றுகளை விலை கொடுத்து வாங்கி அப்பாவிடம் கொண்டுபோனேன். கிணற்று மேட்டில் நட்டோம். மூன்று மாதம் வரை அதைப் பார்க்கவே ஊரார் வந்தார்கள். இலை ஒவ்வொன்றும் விரித்த கை மாதிரி. அப்பா வருகிறவர்களிடமெல்லாம் "மகள் செய்தது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வடக்கே பெரியப்பாவின் காடு முழுக்கத் தேமல், நடுவே ஒரு வரப்புதான் வேலி. நான்காம் மாதம் மேல் இலைகளில் திட்டு தெரிய ஆரம்பித்தது. கீழ் இலை சுத்தமாக இருந்து மேல் இலையில் மட்டும் தெரிந்தால் ஈ கொண்டுவந்த நோய். முளைத்த முதல் இலையிலேயே தெரிந்தால் குச்சியோடு வந்த நோய். இந்த வித்தியாசத்தைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், உங்கள் காட்டில் யார் குற்றவாளி என்று சொல்லிவிடலாம்.

நோய் தெரிந்த முப்பது செடியைப் பிடுங்கச் சொன்னேன். "காய்ச்சல் வந்த பிள்ளையைக் கிணற்றில் போடுவாயா?" என்றார் அப்பா. ஒன்றைக்கூடத் தொட விடவில்லை. மகசூல் என்னவோ நன்றாகவே வந்தது. வளர்ந்த பிறகு ஈயால் வரும் நோய் கிழங்கை அவ்வளவாகக் குறைக்காது. அதுதான் வினையாகப் போனது. நோய் ஒன்றும் செய்யாது என்று அவர் முடிவு கட்டிவிட்டார். எல்லாக் குச்சியையும் ஒன்றாகக் கட்டி வைத்தார், பெரியப்பாவுக்கும் நான்கு கட்டு கொடுத்தார். அடுத்த ஆண்டு பாதிக் காடு முதல் இலையிலேயே சுருண்டது. இரண்டே பட்டத்தில் என் நான்கு ஆண்டு வேலை மண்ணாகப் போயிற்று.

அப்பாவைக் குறை சொல்கிறேன் என்று யாரும் கிளம்பி வர வேண்டாம். அறுவடை நேரத்தில் இலை பெரும்பாலும் கொட்டிப்போயிருக்கும். எந்தக் குச்சி நோய்க் குச்சி என்று யாருக்குமே தெரியாது. தப்பு எங்கே என்று அப்போதுதான் எனக்கும் உறைத்தது. குச்சியை அறுவடையின்போது பொறுக்கக் கூடாது, இலை இருக்கும்போதே பொறுக்க வேண்டும். அம்மாவின் பழைய சிவப்புப் புடவையைக் கிழித்து, மூன்றாம் மாதமும் ஐந்தாம் மாதமும் காட்டைச் சுற்றினோம். இரண்டு முறையும் சுத்தமாக இருந்த செடியில் மட்டும் துணி கட்டினோம். விதைக்குச்சி துணி கட்டியதிலிருந்து மட்டுமே. பிடுங்கச் சொன்னால் மறுத்த அப்பா, துணி கட்ட மட்டும் மறுக்கவில்லை.

இப்போது நூறு கன்றுக்கு மேல் வாங்குவதில்லை. அவற்றைப் பூச்சி புகாத நைலான் வலைக்குள் தாய்ச்செடியாக வைத்திருக்கிறோம். திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் உள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் சொல்லும் முறைப்படி, இரண்டு கணுத் துண்டுகளாக நறுக்கி நாற்றங்காலில் மூன்று நான்கு வாரம் முளைக்கவிடுவோம். சாதாரணமாக ஒரு செடியில் நடுவதற்குப் பத்துக் கரணை (குச்சித் துண்டு) தேறும் என்றால், இதில் அறுபதுகூடத் தேறும். நாற்றங்காலிலேயே சுருண்டதைத் தூக்கி எறிந்துவிடலாம், காட்டுக்குப் போகிற வரை காத்திருக்க வேண்டாம்.

தேமலைத் தாங்கும் ஸ்ரீ ரக்ஷா போன்ற ரகத்தை நட்டால் இத்தனை பாடு எதற்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். உங்கள் மாவு மில்லில் அந்தக் கிழங்கின் மாவுச்சத்து என்ன பாயிண்ட் நிற்கிறது, என்ன விலை போகிறது என்று விசாரித்துவிட்டு நடுங்கள். எங்கள் பக்கத்தில் பலர் வெள்ளை தாய்லாந்து ரகத்தை விடுவதாக இல்லை. அந்தத் தாய்லாந்து நாட்டிலேயே 2018இல் தேமல் நுழைந்துவிட்டது. அங்கே புகுந்த வைரஸின் பெயர் இலங்கை மரவள்ளித் தேமல் வைரஸ். நம் காட்டில் இருப்பவற்றில் அதுவும் ஒன்று. குச்சிக் கட்டு லாரியில் ஏறினால் எல்லை என்ன செய்யும்?

ஆக, கன்று வாங்குங்கள், கொஞ்சமாக வாங்குங்கள். பக்கத்துக் காட்டுக்காரரையும் சேர்த்துக்கொள்ளாமல் வாங்காதீர்கள். பெரியப்பா இப்போது எங்கள் நாற்றங்காலில்தான் துண்டு எடுக்கிறார், பணம் தருவதில்லை, நானும் கேட்பதில்லை. தை மாதம் நட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இலை இன்னும் செடியில்தான் இருக்கும். பழைய புடவை ஒன்றைத் தேடுங்கள்.