சும்மா நிற்கிற சர்வருக்குத்தான் பாதிக்கு மேல் பில்

கேள்வி: ஒரு ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் திட்டத்துக்காக வீட்டில் இரண்டு சர்வர் ஓட்டுகிறேன். ஒன்று, அலுவலகத்தில் கழித்துப்போட்டபோது இலவசமாகக் கிடைத்த பழைய ரேக் சர்வர். புதுப் பதிப்புகளை பில்டு செய்து (மூல நிரலை ஓடக்கூடிய மென்பொருளாக மாற்றி) சோதிப்பது அதன் வேலை, தினமும் 4 மணி நேரம் ஓடும். இன்னொன்று, நான்கு ஹார்ட் டிஸ்க் போட்ட மிரர், அதாவது திட்டத்தின் கோப்புகளை நகலெடுத்து வைத்துப் பலரும் இறக்கிக்கொள்ளத் தரும் சர்வர். பிளக்கில் மீட்டர் மாட்டிப் பார்த்தேன். முதலாவது சும்மா இருக்கையில் 150 வாட், பில்டு ஓடும்போது 280 வாட். மிரர் எந்நேரமும் 60 வாட். பில்லைப் பார்த்துவிட்டு வீட்டில் கேள்வி கேட்கிறார்கள். நிறுத்திவிடவா, திட்டத்திடம் பணம் கேட்கவா, கிளவுடுக்கு மாற்றவா?

பதில்: மீட்டர் மாட்டி அளந்துவிட்டுக் கேட்டதற்கு முதலில் நன்றி. பெரும்பாலானோர் பவர் சப்ளையில் அச்சடித்திருக்கும் வாட் எண்ணை எழுதி அனுப்புவார்கள். அது அதிகபட்சத் திறன்தானே தவிர, செலவாகும் மின்சாரம் அல்ல.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ரேக் சர்வர் 20 மணி நேரம் சும்மா இருக்க 3 யூனிட், 4 மணி நேரம் உழைக்க 1.12 யூனிட். ஆக ஒரு நாளைக்கு 4.12. மிரருக்கு 1.44. இரண்டும் சேர்ந்து வருடத்துக்கு ஏறக்குறைய 2,030 யூனிட். இதில் எனக்கு உறுத்துவது அந்த 3 யூனிட்தான். ரேக் சர்வர் குடிக்கும் மின்சாரத்தில் முக்கால் பங்கு, வேலைக்காகக் காத்திருப்பதற்கே போகிறது. இலவசமாக வந்த இயந்திரம்தான். ஆனால் யானையைக் கட்டித் தீனி போடுகிற கதையாகிவிட்டது.

இந்த யூனிட்டைப் பணமாக்கும்போது ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். மொத்த பில்லை மொத்த யூனிட்டால் வகுத்து வரும் சராசரியை எடுக்காதீர்கள். உபயோகம் கூடக்கூடக் கட்டணம் ஏறும் முறை உங்கள் ஊரில் இருந்தால், சர்வர் எரிப்பது வீட்டுத் தேவைக்கு மேல் வரும் யூனிட்டுகள். அவற்றுக்குக் கடைசிப் படியின் விலைதான். சர்வர் இல்லாவிட்டால் நீங்கள் கீழ்ப்படியிலேயே நின்றிருப்பீர்கள் என்றால், அந்த வித்தியாசமும் சர்வரின் கணக்கில்தான் சேரும். அறைக்கு ஏசி ஓடுகிறதா? சர்வர் எரிக்கும் ஒவ்வொரு யூனிட்டும் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது, அதை வெளியேற்ற ஏசிக்குத் தோராயமாக மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகச் செலவாகும். யுபிஎஸ் வழியாக ஓட்டினால் அதிலும் கொஞ்சம் போகும். மீட்டரை யுபிஎஸ்ஸுக்கு முன்னால், சுவர்ப் பிளக்கில் மாட்டுங்கள்.

இப்படி வரும் தொகைதான் நீங்கள் வருடாவருடம் அந்தத் திட்டத்துக்குக் கொடுத்துவரும் நன்கொடை. கொடுப்பதில் தவறில்லை. ஆனால் இவ்வளவு கொடுப்போம் என்று நீங்களும் முடிவு செய்யவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை. கேள்வி கேட்கிறவர்கள் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. வீட்டில் உட்கார்ந்து பேசி வருடத்துக்கு ஓர் உச்சவரம்பு வையுங்கள். இதே தொகையைப் பணமாகக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பீர்களா என்று யோசித்தால், சரியான எண் தானாக வந்துவிடும்.

நிறுத்துவதற்கு முன் குறைக்க முடியுமா என்று பாருங்கள். பில்டு வேலைகளைச் சேர்த்துவைத்து ஒரே வீச்சில் ஓட்டலாம். வேலை வரும்போது நெட்வொர்க் வழியாகச் சர்வரை எழுப்பி, முடிந்ததும் அணைக்கும்படி ஸ்கிரிப்ட் எழுதுவது உங்களுக்குப் பெரிய காரியமாக இருக்காது. அணைத்த பிறகும் ரேக் சர்வரில் தூரத்திலிருந்து அதைக் கட்டுப்படுத்த உதவும் மேலாண்மைச் சிப் கொஞ்சம் குடிக்கும். அதற்கு 10 வாட் என்று வைத்தாலும் பில்டையும் சேர்த்து ஒரு நாளைக்கு 1.32 யூனிட்தான். வருடத்துக்கு ஆயிரம் யூனிட்டுக்கு மேல் மிச்சம், ஒரு காசு செலவில்லாமல்.

மிரர் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. யார் வந்து போனார்கள் என்று சர்வர் குறித்துவைக்கும் லாகைப் பாருங்கள், உண்மையிலேயே எத்தனை பேர் அதிலிருந்து இறக்குகிறார்கள்? பெரிய திட்டங்களுக்குப் பல்கலைக்கழகங்களும் இணையச் சேவை நிறுவனங்களும் மிரர் வைத்திருக்கும்போது, வீட்டு இணைப்பின் அப்லோடு வேகத்தோடு அங்கே போட்டி போட முடியாது. ஆள் வராத மிரரை மூடிவிடலாம். வருகிறார்கள் என்றால் நான்கு டிஸ்க்கை ஒரே பெரிய டிஸ்க்காக மாற்றுங்கள். மிரரில் இருப்பது நகல்தானே, டிஸ்க் போனால் மூலத்திலிருந்து மறுபடி இறக்கிக்கொள்ளலாம். மூன்று டிஸ்க் குறைந்தால் சுமார் 15 வாட், அதாவது வருடத்துக்கு 130 யூனிட் மிச்சம்.

புதுச் சிறு கம்ப்யூட்டர் வாங்கும் ஆசை வரும். அதன் விலையை உங்கள் கடைசிப்படிக் கட்டணத்தால் வகுங்கள். அத்தனை யூனிட்டை எத்தனை வருடத்தில் மிச்சம் பிடிப்பீர்கள் என்று தெரிந்துவிடும். 1 வாட் குறைத்தால் வருடத்துக்கு 8.76 யூனிட், அவ்வளவுதான். மூன்று வருடத்தில் போட்ட பணம் திரும்பாது என்றால் வாங்காதீர்கள்.

கிளவுடு? எப்போதும் விழித்திருக்க வேண்டிய சின்னச் சேவைகளுக்கு மாத வாடகைச் சர்வர் கட்டுப்படியாகும். பில்டுக்கும், டெராபைட் கணக்கில் கோப்பு வைக்கும் மிரருக்கும் பெரும்பாலும் வீட்டு மின்சாரமே மலிவு.

அப்புறம், பணம் கேட்பது. கூச்சமே வேண்டாம். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத் திட்டத்துக்காக நன்கொடைகளைப் பெற்றுவைத்திருக்கும் சாஃப்ட்வேர் இன் தி பப்ளிக் இன்ட்ரஸ்ட் போன்ற அமைப்புகள் இருப்பதே இந்த மாதிரிச் செலவுகளுக்கும் சேர்த்துத்தான். திட்டங்களின் வரவு செலவை வெளிப்படையாக நடத்த உதவும் ஓப்பன் கலெக்டிவ் தளத்தில் கணக்கு வைத்திருக்கும் திட்டங்களில், ரசீது இணைத்துச் செலவைக் கோரலாம். உங்கள் சிக்கல், பில் முழு வீட்டுக்கும் வருகிறது என்பது. அதனால் மாதத் தொடக்கத்திலும் முடிவிலும் பிளக் மீட்டரைப் படம் எடுத்து, பில்லின் நகலோடு இரண்டு வரிக் கணக்கையும் சேர்த்து அனுப்புங்கள். எவ்வளவு, எத்தனை மாதம் என்று முன்கூட்டியே எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். மாதாமாதம் ஒரு மொத்தத் தொகை தருகிறோம் என்று சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். செய்த செலவைத் திரும்பப் பெறுவது வேறு. கணக்கில்லாத மாதத் தொகையை வரித்துறை வருமானமாகவே பார்க்கலாம். உங்கள் நாட்டு விதியை ஒரு கணக்காளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் செய்தும் உச்சவரம்புக்குள் அடங்கவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். ஒரே நாளில் பிளக்கைப் பிடுங்காமல், இரண்டு மாதம் முன்னதாகத் திட்டத்தினரிடம் தேதி சொல்லி, பில்டு அமைப்புகளை ஒப்படைத்து, மிரர் பட்டியலிலிருந்து உங்கள் முகவரியை எடுக்கச் சொல்லிவிட்டு அணையுங்கள்.