பழைய சுப்ராவா, ஆர்எக்ஸ்-7ஆ? கேள்வி பதில்

கேள்வி: 1994 டொயோட்டா சுப்ரா டர்போ ஒன்று, 1993 மஸ்டா ஆர்எக்ஸ்-7 ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். எதை எடுக்கலாம்?

பதில்: தினமும் ஓட்டத்தான் என்றால் சுப்ரா, யோசிக்கவே வேண்டாம். ஓட்டும் சுகம் மட்டும் போதும் என்றால் ஆர்எக்ஸ்-7. சுமார் 1,300 கிலோதான். வளைவில் திருப்பிய உடனே அது தெரியும். ஒரு இன்ஜின் ரீபில்டுக்கான பணத்தைத் தனியே ஒதுக்கிவிட்டு, மீதியை வைத்து விலை பேசுங்கள்.

கேள்வி: மெக்கானிக் ஆர்எக்ஸ்-7இன் கம்ப்ரஷன் (இன்ஜின் உள்ளே அமுக்கும் அழுத்தம்) பார்த்து "நல்லா இருக்கு" என்கிறார். பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் ரோட்டரி இன்ஜினுக்கு அது போதுமா?

பதில்: எந்த மீட்டரில் பார்த்தார் என்று கேளுங்கள். ஆர்எக்ஸ்-7இன் 13பி இன்ஜினில் இரண்டு ரோட்டர். ஒவ்வொன்றுக்கும் மூன்று முகம், மூன்று முனையிலும் அழுத்தம் கசியாமல் காக்கும் ஏபெக்ஸ் சீல். ஒரு சீல் போனால் அதன் இருபுறமும் உள்ள முகங்களில் அழுத்தம் படுத்துவிடும். சாதாரண மீட்டரோ மூன்றில் அதிகமானதை மட்டும் காட்டும், ஆக நல்ல முகத்தின் அளவைப் பார்த்து ஏமாந்துவிடுவோம். ரோட்டரிக்கென்று உள்ள மீட்டரில், இன்ஜின் சூடாக இருக்கும்போது, மூன்றையும் தனித்தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். நிமிடத்துக்கு 250 சுற்றுக்குக் கணக்கிட்டால் எதுவும் சதுர சென்டிமீட்டருக்கு 6 கிலோவுக்குக் கீழே போகக் கூடாது. பிறகு சூட்டிலேயே அணைத்து, கொஞ்சம் விட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். நெடுநேரம் சுற்றியும் பிடிக்கவில்லையா, வந்த வழியே திரும்பிவிடுங்கள். சோதிக்கவே விடாத ஆளிடமும் அதேதான்.

கேள்வி: ஆர்எக்ஸ்-7 ஆயில் குடிக்கிறது. பயப்பட வேண்டுமா?

பதில்: குடிக்காவிட்டால்தான் பயம். சீல்கள் தேயாமல் இருக்க ஒரு பம்ப் கொஞ்சம் கொஞ்சமாக ஆயிலை உள்ளே விடுகிறது. சிலர் அந்தப் பம்பைக் கழற்றிவிட்டு பெட்ரோலிலேயே ஆயில் கலப்பார்கள். அது தெரியாமல் வெறும் பெட்ரோல் போட்டு ஓட்டினால் சீல் தேய்ந்துவிடும்.

கேள்வி: டர்போவை எப்படிச் சோதிப்பது?

பதில்: இரண்டு காரிலும் இரண்டிரண்டு டர்போ, ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஆர்எக்ஸ்-7ஐ மூன்றாம் கியரில் முழுக்க மிதித்தால் பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) 10 பிஎஸ்ஐ ஏறி, 4,500 சுற்றையொட்டி 8க்கு இறங்கி, மறுபடி 10க்கு வர வேண்டும். இரண்டாம் முறை 10 வராவிட்டால் டர்போவையே குறை சொல்லாதீர்கள். பல நேரம் சூட்டில் காய்ந்து வெடித்த வேக்கம் ஹோஸ்தான் (டர்போக்களை மாற்றி இயக்கும் மெல்லிய குழாய்) காரணம். ஹோஸ் மலிவு. அவ்வளவையும் தேடி மாற்றும் வேலைதான் மண்டை காயும்.

கேள்வி: சுப்ராவுக்குக் குறையே இல்லையா?

பதில்: 2ஜேஇசட் இன்ஜினின் பிளாக் இரும்பு, தாங்கும். தாங்கும் என்று தெரிந்ததால் முந்தைய ஓனர்கள் ஆளாளுக்குப் பூஸ்டை ஏற்றியிருப்பார்கள். கை வைக்காத வண்டிக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் தகும். டர்போ இல்லாமல் வந்த சுப்ராவில் டர்போ மாட்டி விற்பதும் உண்டு. கம்பெனி டர்போ மேனுவல் என்றால் கெட்ராக் கம்பெனியின் ஆறு கியர் பெட்டி. ஐந்து கியர் கண்டால் சந்தேகப்படுங்கள்.

கேள்வி: ஆர்எக்ஸ்-7ஐ ஷெட்டிலிருந்து வெளியே எடுத்து உடனே அணைக்கலாமா?

பதில்: கூடாது. இன்ஜின் சூடாகும் முன் அணைத்தால் பெட்ரோல் தேங்கி அடுத்த முறை ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். நாலடி நகர்த்தத்தான் என்றால் தள்ளுங்கள்.