விஞ்ஞானப் புனைகதை நாவல்களை எப்படித் தேடிப் பிடிப்பது? யாருடைய விமர்சனத்தை நம்புவது?

"பட்டியல்களில் சொல்லும் விஞ்ஞான நாவல்களையும் மிகுபுனைவு நாவல்களையும் வாங்குகிறேன், பாதியில் நின்றுவிடுகிறேன், என்ன செய்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஐம்பதாம் பக்கத்திற்குள் கிரகங்களின் பெயர்களும் அரச வம்சங்களின் பெயர்களும் குழம்பி, "இது நமக்குச் சரிவராது" என்று மூடி வைத்திருப்பீர்கள். நானும் அப்படி இருந்தவன்தான். பிழை உங்களிடம் இல்லை. பட்டியல் போட்டவருக்கு உங்களைத் தெரியாது, அவ்வளவுதான். நீங்கள் நன்றாக அறிந்த ஓர் இடத்தையோ ஒரு தொழிலையோ பிடித்துக்கொண்டு இந்த உலகத்துக்குள் போங்கள் என்பதே என் பதில். எனக்கு அது ஒரு மலை.

நான் இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். லயத்து வாசலில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு வாசலில் நின்றால், டிசம்பர் போயா எனும் பௌர்ணமி தொடங்கி மே மாத வெசாக் வரைக்கும், யாத்திரிகர்கள் ஏறும் சிவனொளிபாத மலையில் இரவு முழுக்க விளக்கு வரிசை தெரியும். இருட்டில் மலை கரைந்துபோய்விடும், விளக்குகள் மட்டும் மேலே மேலே போகும். அந்த வரிசை வானத்துக்குள்ளேயே போய்விடுகிறது என்று சின்ன வயதில் நம்பியிருந்தேன்.

பிறகு கொழும்பில் வேலை. 2016-இல் ஒருநாள் மருதானைப் பக்கத்துப் பழைய புத்தகக் கடைகளில், பின்னட்டை கிழிந்த ஒரு புத்தகம் கையில் அகப்பட்டது. ஆர்தர் சி. கிளார்க் 1979-இல் எழுதிய 'தி ஃபவுண்டன்ஸ் ஒஃப் பரடைஸ்'. கடைசிப் பக்கங்களில் அவரே ஒரு குறிப்பு எழுதியிருந்தார்: கதை நடக்கும் தப்ரபேன் தீவு தொண்ணூறு வீதம் இலங்கைதான், ஆனால் தீவை எண்ணூறு கிலோமீற்றர் தெற்கே நகர்த்தியிருக்கிறேன் என்று. ஒரு நாட்டை ஏன் நகர்த்த வேண்டும்? அந்த ஒரு கேள்விக்காகத்தான் வாங்கினேன்.

பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு செயற்கைக்கோள் சுற்றினால், பூமி ஒருமுறை சுழலும் நேரத்தில் அதுவும் ஒரு சுற்று முடித்துவிடும். கீழிருந்து பார்ப்பவருக்கு அசையாமல் ஒரே இடத்தில் நிற்கும். அங்கிருந்து பூமிவரை ஒரு கயிறு இறக்கினால், ரொக்கெட் இல்லாமல் அதைப் பிடித்தே விண்வெளிக்கு ஏறலாம். கயிறு தரைதொடும் இடம் பூமத்திய ரேகையில் இருப்பது நல்லது. எங்கள் மலையோ ஏறத்தாழ 7 பாகை வடக்கே இருக்கிறது. அதற்காகத்தான் அந்த எண்ணூறு கிலோமீற்றர். அந்த உயரத்துச் செயற்கைக்கோள்களை வைத்து உலகம் முழுக்கச் செய்தி அனுப்பலாம் என்று 1945-இலேயே கட்டுரை எழுதியவர் கிளார்க். 1956-இல் இலங்கைக்கு வந்து, 2008-இல் இறக்கும்வரை இங்கேயே வாழ்ந்தவர். அவருடைய பொறியியலாளர் கயிற்றை இறக்கத் தேர்ந்தெடுக்கும் மலை ஸ்ரீ கந்த. பெயர் மாறினாலும் அது எங்கள் மலைதான். உச்சியிலிருக்கும் மடத்துப் பிக்குகள் இடம் தர மறுக்கிறார்கள். கதை அங்கே சூடு பிடிக்கிறது.

லயத்து வாசலில் நின்று நான் நம்பிய ஒன்றை, ஒருவர் கணக்குப் போட்டு எழுதியிருக்கிறார். அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

லீவில் வீட்டுக்குப் போனபோது அம்மாவுக்குக் கதையைச் சொன்னேன். முப்பத்தொரு வருஷம் கொழுந்து பறித்தவர். முழுக்கக் கேட்டுவிட்டு, "அதக் கட்டுனது யாரு?" என்றார். "மெஷினுங்கதாம்மா" என்றேன். "மெஷினு சாமானெல்லாம் மலை மேல தூக்கிட்டுப் போனது யாரு? நம்ம ஆளுங்கதானே?" மலையகத்தின் ரோடும் ரயில்பாதையும் யாருடைய முதுகில் ஏறி வந்தன என்று தெரிந்தவர் கேட்ட கேள்வி அது. என்னிடம் பதில் இருக்கவில்லை. நாவலின் முக்கிய பாத்திரங்களில் எங்கள் சனத்தில் ஒருவர்கூட இல்லை.

இதையெல்லாம் சேர்த்துத் தமிழில் மூன்று பக்க விமர்சனம் எழுதிப் போட்டேன். நன்றாகப் படித்த ஒருவர் வந்து, "விண்வெளி லிஃப்டைப் பற்றிய நாவலில் கொழுந்துக் கூடையைத் தேடுகிறான், இவனுக்கு விஞ்ஞானமும் தெரியாது, இலக்கியமும் தெரியாது" என்று எழுதினார். அதற்கு எண்பது பேர் ஆமாம் போட்டார்கள். வருஷங்கள் ஆகியும் அது உள்ளே கிடந்து குத்துகிறது. இங்கேயும் அப்படிச் சொல்ல ஆட்கள் வருவார்கள், ஆகவே முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அது மோசமான நாவல் என்று நான் எங்கும் எழுதவில்லை. நான்கு முறை படித்திருக்கிறேன். விஞ்ஞானப் புனைகதைக்கான பெரிய விருதுகளான ஹியூகோ, நெபுலா இரண்டும் வாங்கிய புத்தகத்துக்கு என் சிபாரிசு தேவையில்லை. கிளார்க் எங்களைப் பற்றி எழுதியிருக்க வேண்டும் என்று கட்டளையும் போடவில்லை. அந்த மலையடியில் வளர்ந்த ஒருவன் படித்தால் அவன் கண்ணுக்கு எது தெரியும் என்று எழுதினேன். விமர்சனம் என்பது அதுதானே?

விமர்சிக்க நீ யார் என்று கேட்பவர்களுக்கு ஒன்று. டோல்கீனின் மிகுபுனைவுக் கதையான 'த ஹொபிட்' அச்சுக்குப் போவதற்கு முன், 1936-இல், பதிப்பாளர் தன் பத்து வயது மகனிடம் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்துக் கருத்துக் கேட்டார். கூலி ஒரு ஷில்லிங். கதை என்ன, எந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று அந்தப் பையன் சில வரிகளில் எழுதிக் கொடுத்தான். யாருக்கு இந்தப் புத்தகம் என்று சொல்லும் விமர்சனத்தைத்தான் நான் இன்றைக்கும் நம்புகிறேன். விமர்சனத்துக்கு மேலே போடும் நட்சத்திர மதிப்பெண்களை எண்ணிப் பார்ப்பதில்லை.

கதையை உடைக்கும் விமர்சனங்களைக் கிட்டவே சேர்க்காதீர்கள். சிங்களத்தில் எங்கள் மலைக்கு 'சமனல கந்த' என்றும் பெயருண்டு, வண்ணத்துப்பூச்சி மலை. அந்த வண்ணத்துப்பூச்சிகளுக்கு நாவலில் ஒரு வேலை இருக்கிறது. அது என்ன என்று சொல்லமாட்டேன். நான் பார்த்த ஒரு விமர்சனம் அதை முதல் பந்தியிலேயே போட்டு உடைத்திருந்தது. நல்லவேளை, நாவலைப் படித்த பிறகுதான் அது என் கண்ணில் பட்டது.

ஒரு நாவலைப் பிடித்துவிட்டால் அடுத்ததை அதுவே காட்டும். அதே 1979-இல் சார்ள்ஸ் ஷெஃபீல்ட் என்பவரும் விண்வெளிக் கயிற்றை வைத்து ஒரு நாவல் வெளியிட்டார். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதவில்லை, தற்செயல்தான் என்று கிளார்க்கே பகிரங்கக் கடிதம் எழுதினார். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள், ஒரே கயிறு இரண்டு கைகளில் எப்படி மாறுகிறது என்று தெரியும். மிகுபுனைவு வேண்டுமென்றால் இலங்கை எழுத்தாளர் வஜ்ர சந்திரசேகரவின் 'த செயின்ட் ஒஃப் பிரைட் டோர்ஸ்'. பிறந்தவுடன் தாயால் நிழல் அறுக்கப்பட்ட ஒருவனின் கதை. 2024-இல் நெபுலா பெற்றது. அந்த நகரம் கற்பனைதான், ஆனால் இந்த நாட்டில் வளர்ந்த யாருக்கும் அங்கே உள்ள பயம் புதிதாக இராது.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கிளார்க்கின் அந்த நாவலில் ஒரு புதுப் பிரதி வாங்கி, நான் படித்த பாடசாலைக்குக் கொடுத்தேன். முத்திரை குத்திக் கண்ணாடி அலுமாரியில் வைத்துப் பூட்டினார்கள். பிள்ளைகள் பழுதாக்கிவிடுவார்களாம். இரண்டு வருஷம் கழித்துப் போனபோதும் அதே தட்டில், அதே இடத்தில், முதுகு மடியாமல் நிற்கிறது. அந்தச் சன்னல் வழியாகப் பார்த்தால் மலை தெரியும். அந்தப் பிள்ளைகளுக்கு இல்லாத புத்தகம் வேறு யாருக்கு?

என்னுடைய கிழிந்த பிரதியை லயத்தில் பதினோராம் தரம் படிக்கும் ஒரு பிள்ளையிடம் கொடுத்திருக்கிறேன். அகராதியும் கையுமாகப் படிக்கிறாளாம். போன ஞாயிறு அம்மாவிடம் கேட்டேன், அறுபத்திரண்டாம் பக்கத்தில் நிற்கிறாளாம்.